தோழமை எடை

மனித மூளையை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் இதுவரை இந்தப் பூமியில் மூன்று பேர்தான். இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவரான பேராசிரியர் ஆலஸ்டர் வெடர்பர்ன் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஹோபார்ட்டில் தான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் கார் நிறுத்துமிடத்தில், தனக்குச் சொந்தமில்லாத ஒரு காரின் கதவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

காரில் விட்டுவந்த ஃபைலை எடுக்கத் திரும்பி வந்தவர் அவர். மலையிலிருந்து இறங்கிய காற்று டையைத் தூக்கி முகத்தில் அடித்தது. சாவி நுழைய மாட்டேன் என்றது.

"அது என் கார், ஆலஸ்டர்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "உன்னோடது அந்தக் கோடியில நிக்குது. அதோட, உன்னோடது பச்சை."

"தெரியும் நோலீன். உன் பூட்டு பத்திரமா இருக்கான்னு பாத்தேன். இப்பல்லாம் திருட்டு ஜாஸ்தி."

"ரொம்ப நல்ல மனசு உனக்கு. போன மாசம்கூட ரெண்டு தடவை பாத்துக் குடுத்தியே."

அந்த ஊரில் பேராசிரியரானாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாற்பது வருடமாக வெடர்பர்ன் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார், மன்னிக்கவில்லை.

"கேப்டன் எலியப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் நோலீன்.

"அப்புறம் சொல்லு."

"அப்புறம்னா குழு வந்துரும்."

"குழு போனப்புறம் சொல்லு."

"சரி. நான் சொல்ல வந்தேங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ." நோலீன் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். நோலீன் டிப்பெட் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் எலிக் கூடத்தின் பொறுப்பாளர். இருபத்து நான்கு வருடம். பேராசிரியர்களோடு வேலை செய்கிறவர்கள் எதையும் குறித்து வைப்பது நல்லது என்று முதல் வருடமே தெரிந்துகொண்டவர்.

அன்று வரவிருந்தது நிதிக் குழு. அடுத்த ஐந்து வருடம் வெடர்பர்னின் ஆய்வகம் இருக்குமா, இருக்காதா என்பதை அவர்கள் பதினொரு மணிக்கு வந்து, பார்த்து, தேநீர் குடித்து, முடிவு செய்வார்கள். இல்லை என்று ஆனால் அந்த மாடி முழுவதும் பக்கத்து அறைத் தூக்க ஆய்வுக்காரர்களுக்குப் போய்விடும். அவர்கள் சாதுவான மனிதர்கள், எதற்கும் அவசரப்படாதவர்கள். அவர்களே போன வாரம் அளவு நாடாவோடு வந்து, அவர் மேசையைச் சுற்றி எத்தனை கட்டில் போடலாம் என்று அளந்து பார்த்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வெடர்பர்னுக்குச் சரியான தூக்கம் இல்லை. இதை அவர்களிடம் சொன்னால் தங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய புகழுக்குக் காரணம் 'உள் வடமுனை' என்ற கோட்பாடு. ஆண் மூளைக்குள் ஒரு முள் இருக்கிறது, திசைகாட்டியில் இருப்பதைப் போல. எந்தச் சந்து பொந்தில் கொண்டுபோய் விட்டாலும் அது அசையாமல் ஒரே திசையைக் காட்டும். ஆண் சுண்டெலிகளின் மூளையில் மயிரிழைக் கம்பிகளைப் பொருத்தி, புதிர்ப்பாதைப் பெட்டிக்குள் ஓடவிட்டு, இருபத்தொரு வருடத்தில் இதை அவர் நிறுவியிருந்தார். பெண் மூளையிலும் அந்த முள் உண்டா? அவர் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதுதான் அந்தக் கோட்பாட்டின் அழகு. பெண் சுண்டெலிக்கு நாலைந்து நாளுக்கொரு முறை உடம்பு ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. திங்கட்கிழமை இருந்த மூளை வியாழக்கிழமை இருக்காது. ஆடுகிற மேசையில் தராசு வைக்கலாமா என்று மாநாடுகளில் கேட்பார். அவையே தலையசைக்கும். அவையில் உட்கார்ந்திருப்பவர்களும் அநேகமாக வெடர்பர்ன்கள்தான். பேச்சு முடிந்ததும் அவரைத் தங்கும் விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆளைக் கூட அனுப்புவார்கள். அனுப்பாத வருடம் அவரைப் படகுத் துறையில் கண்டுபிடித்தார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விண்ணப்பப் படிவத்தில் புதிதாக ஏழாம் பிரிவு முளைத்தது. 'ஆண்–பெண் வேறுபாட்டை இந்த ஆய்வு எவ்வாறு கருத்தில் கொள்கிறது?' ஒன்பது பேர் பதினான்கு மாதம் கூடிப் பேசி எழுதிய ஒற்றை வரி அது. ஒன்பதில் எட்டுப் பேர் ஆண்கள். வெடர்பர்ன் 'பொருந்தாது' என்று எழுதி அனுப்பினார். திரும்பி வந்தது. 'கருத்தில் கொண்டோம், வேண்டாம் என்று முடிவு செய்தோம்' என்று எழுதினார். அதுவும் திரும்பி வந்தது, இந்த முறை அடிக்கோட்டோடு.

"பாதி உலகம் பொம்பளைங்க, ஆலஸ்டர்," என்று அப்போதே சொன்னார் டெஸ்பினா. ஆய்வகத்தின் கணக்கெல்லாம் போடுகிற இளம் ஆய்வாளர். எலி ரோமம் பட்டாலே தும்மல் பிடித்துக்கொள்ளும் என்பதால் மாடியை விட்டு இறங்காதவர். எலிகளை எண்களாக மட்டுமே அறிந்தவர். "ஆண் எலியில பாத்துட்டு அதே அளவு மாத்திரையப் பொம்பளைங்களுக்கும் குடுக்கறோம். எங்கம்மா பாதி தூக்க மாத்திரை போட்டாலே மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கறதில்ல."

"அம்மா தூங்கறதப் பக்கத்து ரூம்ல சொல்லு. அவங்க சந்தோஷப்படுவாங்க."

"ஒரு இருபது பெண் எலி வச்சுப் பாத்தா போதுமே."

"டெஸ்பினா, இருபத்தோரு வருஷத்துல இந்த லேபுக்குள்ள ஒரு பெண் எலி கால் வச்சதில்ல. அந்தச் சுத்தம்தான் என் சொத்து."

அந்தச் சுத்தத்தை அவர் தன் கையாலேயே காத்து வந்தார். மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, வெளியூரிலிருந்து வாங்கி வேறொரு கட்டடத்தில் வைத்திருந்த ஜோடிகள் போட்ட குட்டிகளை அவர் முன் கொண்டுவந்து வைப்பார் நோலீன். மூன்று வார வயதில் ஆணையும் பெண்ணையும் பிரிப்பது நுட்பமான வேலை. வாலைத் தூக்கி, அடியில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் சமாச்சாரம். இதை அவர் யாரிடமும் விட்டதில்லை. வால் நுனியைப் பிடித்து, குட்டியை முழுக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, 'ஆண்' என்பார். அல்லது 'பெண்' என்பார். கண்ணாடி கிடையாது. கண்ணாடி வயதானவர்கள் போடுவது. அவருக்கு அறுபத்து மூன்றுதான்.

'ஆண்' என்று தீர்ப்பானவை ஆளுக்கொரு தனிக் கூண்டில் குடியேறும். ஆண்களைச் சேர்த்துப் போட்டால் கடித்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். தனிமையில்தான் ஆண் மூளை தெளிகிறது என்பது இன்னொரு காரணம், இது அவரே கண்டது. 'பெண்' என்று தீர்ப்பானவை ஊருக்கு வெளியே இருக்கும் பறவைப் பூங்காவின் ஆந்தைகளுக்குப் போகும். ஆந்தைகளிடமிருந்து புகார் எதுவும் வந்ததில்லை. இடையில் வந்துபோன மாணவர்கள் சிலர் எதையாவது கவனித்திருக்கக்கூடும். ஆனால் மாணவர்கள் எல்லோரும் அவரிடம் பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள்.

குழு வருவதற்கு மூன்றரை வாரம் முன்பு விலங்கு நலக் குழுவிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சுண்டெலி கூடி வாழும் பிராணி. தனியாக அடைத்து வைப்பது கொடுமை. உடனே இரண்டிரண்டாகச் சேர்க்கவும். கூடத்தில் இருந்தவை எண்பது எலிகள், எண்பது கூண்டுகள்.

"எப்படிச் சேக்கறது?" என்று கேட்டார் நோலீன்.

"எப்படின்னா? வரிசைப்படி. ஒண்ணும் ரெண்டும், மூணும் நாலும். எல்லாம் ஆண்தானே?"

"அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு."

"அட்டையில போட்டிருந்தா சரிதான்."

"அப்ப அட்டைப்படி சேக்கச் சொன்னதா ஒரு வரி எழுதிக் குடு ஆலஸ்டர். தேதியும் போடு."

அரசு அலுவலகம் மாதிரி நடந்துகொள்கிறாயே என்று அலுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். நோலீன் அதை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது வெடர்பர்னையே வியக்க வைத்தது. நாற்பது கூண்டில் பத்தில் மட்டும் சண்டை. மீதி முப்பதில் அப்படியொரு ஒற்றுமை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. ஒன்று மற்றதன் ரோமத்தைக் கோதிவிட்டது. பல கூண்டுகளில் காகிதத் துணுக்குகளைச் சேர்த்து வட்டமாகக் கூடு கட்டினார்கள். ஆணுக்குள் உறங்கும் கட்டடக் கலை என்று குறித்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை. இருபது கூண்டுகளில், கூண்டுக்கு ஒருவர் மட்டும் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனார். மூன்று வாரத்தில் பத்து, பன்னிரண்டு கிராம். நண்பன் கிடைத்த ஆண் மன நிறைவால் உடல் பெருக்கிறான் என்பது வெளிச்சமாயிற்று. இதற்குத் 'தோழமை எடை' என்று பெயர் வைத்து, வளைகோடு வரைந்து, வண்ணம் தீட்டி, ஏழாம் பிரிவில் சேர்த்து அனுப்பினார். பெண்ணைக் கருத்தில் கொள்ளாமலேயே ஏழாம் பிரிவை நிரப்பிவிட்ட திருப்தி அவருக்கு. குழு இம்முறை எதையும் திருப்பி அனுப்பவில்லை. நேரில் வந்து பார்க்கிறோம் என்றது.

பதினொரு மணிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். தலைவர் டாக்டர் இமோஜன் ஃபால்க், நரம்பியல்காரர், மூக்கின்மேல் கண்ணாடி, கையில் நாற்பது பக்க மதிப்பெண் தாள். இன்னொருவர் கெல்வின் ப்ரூம். போத்வெல் பக்கம் ஆறாயிரம் ஆடு வைத்திருக்கும் விவசாயி. நிதிக் குழுவில் சாதாரண மனிதன் ஒருவன் இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால் அவர் இருந்தார். கூட்டங்களில் வாயைத் திறந்ததில்லை என்று பேர். சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பையும், தேங்காய்த் துருவல் தூவிய லேமிங்டன் கேக்கும் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"முதல்ல கூடத்தைப் பாத்துடலாம்," என்றார் இமோஜன்.

நீல அங்கி, தலைக்கு வலை, காலுக்கு உறை என்று எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். கெல்வினுக்கு அங்கி முழங்கையோடு நின்றுவிட்டது. "என் பின்னாடி வாங்க," என்று வெடர்பர்ன் கம்பீரமாக முன்னே நடந்து, ஒரு கதவைத் திறந்து, அவர்களைத் துணி துவைக்கும் அறைக்குள் அழைத்துப் போனார். அங்கே ஒரு இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது.

"கூடம் இந்தப் பக்கம்," என்றார் நோலீன், நடைபாதையில் நின்றபடி.

"சுகாதார ஏற்பாட்டைக் காட்டத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்," என்றார் வெடர்பர்ன்.

கூடத்தில் கூண்டுகள் அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்தன. முதல் வரிசையின் நடுவில், தனியாகத் தெரியும்படி ஒரு கூண்டு. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெடர்பர்ன் திரும்பினார்.

"இவன்தான் கேப்டன். நான் பாத்த நாலாயிரத்துச் சொச்சம் ஆண்கள்ல இவன் முள்தான் ரொம்ப நேர். எட்டு மாசத்துல ஒரு பாகை அசஞ்சதில்ல. ஆண் மூளைன்னா என்னன்னு யாராவது கேட்டா, இவனத்தான் காட்டுவேன். கூட இருக்கறது லெஃப்டினன்ட். ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற தோழமை இருக்கே..."

"அந்த இளஞ்சிவப்பா இருக்கறது என்ன?" என்று இமோஜன் குனிந்தார்.

வெடர்பர்னும் குனிந்தார். குனியக் குனிய எல்லாம் கலங்கியது. "உணவு உருண்டை," என்றார்.

"அசையுதே."

"காத்தோட்டம்."

கெல்வின் ப்ரூம் அங்கி கிழிகிற சத்தத்தோடு குனிந்தார். நாற்பது வருடம் ஆட்டுப் பட்டியில் குனிந்து பழகிய குனிதல் அது. "ஏழு குட்டி," என்றார். "ராத்திரி போட்டிருக்கும். தாயும் பிள்ளையும் சௌக்கியம்." பிறகு பக்கத்துக் கூண்டைப் பார்த்தார். "இது சினை. இன்னிக்கோ நாளைக்கோ." அடுத்த கூண்டையும் பார்த்தார். "இதுவும்."

"அது தோழமை எடை," என்றார் வெடர்பர்ன்.

"எங்க ஊர்லயும் தோழமையிலதான் ஆரம்பிக்கும்," என்றார் கெல்வின்.

துவைக்கும் இயந்திரம் தூரத்தில் வேகம் பிடித்துச் சுற்றியது.

"நோலீன்," என்றார் வெடர்பர்ன் மெதுவாக, "இது எப்பலேருந்து?"

"காலையில எட்டு முப்பத்தி நாலுக்குச் சொல்ல வந்தேன்," என்றார் நோலீன், நோட்டைப் பார்த்து. "இதோட ஒம்பது கூண்டு. இன்னும் பதினொண்ணு வரிசையில நிக்குது."

ஒரு சாதாரண மனிதனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பான். வெடர்பர்ன் நிமிர்ந்தார். முகத்தில் ஓர் ஒளி பரவியது. நான்கு கூண்டுகளைத் தள்ளிப் போய்த் திரும்பி, அவையைப் பார்த்துக் கையை விரித்தார்.

"நண்பர்களே, நாம இப்ப ஒரு வரலாற்றுத் தருணத்துல நிக்கறோம். பாலூட்டிகள்ல ஆண் கருவுறுதல். இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"ஆலஸ்டர்..." என்றார் இமோஜன்.

"கடல்குதிரையில ஆண்தான் சுமக்குது. இதே கடல்ல, நம்ம துறைமுகத்துக்குக் கீழேயே! அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியாது? இருபத்தோரு வருஷத் தனிமை, அப்புறம் திடீர்னு ஒரு நட்பு... உடம்பு அதுக்கு எப்படிப் பதில் சொல்லும்னு யார் ஆராஞ்சிருக்கா?"

"நாப்பது வருஷமா கிடா வளக்கறேன்," என்றார் கெல்வின். "ஒரு கிடாகூட எனக்கு இந்த உபகாரம் பண்ணதில்ல."

பதினொரு நிமிடம் வெடர்பர்ன் அந்தக் கண்டுபிடிப்போடு வாழ்ந்தார். அதற்குள் அதற்கு இரண்டு பெயர் வைத்துப் பார்த்து, ஒன்றை நிராகரித்திருந்தார். இமோஜன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுங்களை ஆண், பெண்ணுன்னு பிரிக்கறது யாரு?" என்றார்.

"நான்தான். வேற யாரையும் தொட விடறதில்ல," என்று பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான் வெடர்பர்ன் அந்தக் கேள்வியை மறுபடி யோசித்தார்.

"ஒண்ணே ஒண்ணு பிரிச்சுக் காட்டுங்களேன்."

நோலீன் கேப்டனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வெடர்பர்ன் வால் நுனியைப் பிடித்தார். முழுக் கை நீளத்துக்கு நீட்டினார். அந்த அறையில் ஜன்னல் இல்லை, அதனால் குழல் விளக்குக்குக் காட்டினார். தலையைப் பின்னால் சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார். இருபத்தொரு வருடப் பழக்கம் உடம்புக்குள் தானாக ஓடியது.

"ஆண்," என்றார்.

கேப்டனின் வயிற்றில் ஒரு குட்டி, காம்பை விடாமல் கவ்விக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இமோஜன் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். வெடர்பர்ன் வாங்கவில்லை. கெல்வின் அதை வாங்கி, கன்றுக்குட்டிக்குக் கயிறு மாட்டுகிற பக்குவத்தோடு, அவர் மூக்கில் மாட்டிவிட்டார்.

வெடர்பர்ன் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அத்தனை ரோமம் ஒரு எலிக்கு இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அத்தனை காம்பு இருக்கும் என்றும் தெரியாது. இரண்டு சிவந்த கண்கள் தலைகீழாகத் தொங்கியபடி அவரை நேராகப் பார்த்தன.

"சப்ளை பண்ணவங்க தப்பா அனுப்பிருக்காங்க," என்றார்.

"இது இங்க பொறந்தது," என்றார் நோலீன், கேப்டனை வாங்கிக் குட்டிகளோடு விட்டபடி. "முதல் வருஷமே சொன்னேன். 'ஆலஸ்டர், நீ ஆண்னு சொன்னதுக்குக் காம்பு இருக்கு'ன்னேன். நாப்பது நிமிஷம் எனக்குப் பாடம் எடுத்தே. பாமரக் கண்ணு, பயிற்சியுள்ள கண்ணுன்னு."

அந்தப் பாடம் வெடர்பர்னுக்கு நினைவிருந்தது. நல்ல பாடம். பின்னால் அதை ஒரு மாநாட்டிலும் நிகழ்த்தினார். யாருக்கு எடுத்தார் என்பதுதான் மறந்துவிட்டது.

"அப்புறம்?" என்றார் இமோஜன்.

"அப்புறம் நான் வாயத் தொறக்கல. என் வேலை அட்டை எழுதறது. அவர் ஆண்னா ஆண்னு எழுதணும். எழுதினேன். வளந்ததும் நான் பாப்பேன்ல? அப்ப எனக்குப் பெண்ணுன்னு தெரிஞ்சதுக்கெல்லாம் அட்டை மூலையில பென்சில்ல ஒரு புள்ளி வச்சேன்."

"இருபத்தோரு வருஷமாவா?"

"புள்ளி வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

அலமாரிக்கு அடியிலிருந்து நோலீன் அட்டைப் பெட்டிகளை இழுத்தார். பதினாறு பெட்டி. எல்லாம் வருட வாரியாக, ரப்பர் பட்டை போட்டு.

கூடத்தில் இருந்த எண்பது எலிகளின் அட்டைகள் மாடிக்குப் போயின. டெஸ்பினா முகமூடி போட்டுக்கொண்டு, அட்டைக்கு ஒரு தும்மல் வீதம் தும்மியபடி, புள்ளி வைத்தவற்றையும் வைக்காதவற்றையும் பிரித்துக் கணினியில் ஏற்றினார். அதே மாடியில், தன் அறையில், வெடர்பர்ன் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் எத்தனை கட்டில் சாய்த்து வைக்கலாம் என்று அவருக்கே கணக்கு ஓடியது. கெல்வின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு ஸ்காலப் பையை நீட்டினார்.

"சாப்பிடுங்க. நானும் ஒரு தடவை மலட்டுக் கிடாவ நல்ல கிடான்னு வித்திருக்கேன். வாங்கினவன் என் மாமனார்."

"அப்புறம்?"

"இன்னும் மாமனார்தான்."

ஒரு மணி நேரத்தில் டெஸ்பினா வந்தார். மூக்கு சிவந்திருந்தது. "முள் இருக்கு," என்றார். "ரெண்டு பேருக்கும் இருக்கு. ஒரே நேர்தான், வித்தியாசமே தெரியல. ஆடுது ஆடுதுன்னு சொன்னோமே, அந்த ஆட்டம் மட்டும் ஆண்கள்ல கொஞ்சம் கூடுதலா இருக்கு. பெருசா இல்ல."

வெடர்பர்ன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து அறைக் கதவு திறந்து, யாரோ எட்டிப் பார்த்து, மூடிக்கொண்டது.

ஆனால் டாக்டர் இமோஜன் ஃபால்க் எழுந்து நின்றுவிட்டார். ஏழாம் பிரிவை எழுதிய ஒன்பது பேரில் இருந்த ஒரே பெண் அவர். அந்த ஒற்றை வரிக்காகப் பதினான்கு மாதம் எட்டு ஆண்களோடு மல்லுக் கட்டியவர்.

"உங்களுக்குப் புரியுதா?" என்றார். "இந்த நாட்டுல யார்கிட்டயும் இப்படி ஒண்ணு இல்ல. இருபத்தோரு வருஷம், ஆணும் பெண்ணும் பாதிப் பாதி, ஒரே தீனி, ஒரே கூண்டு, ஒரே புதிர்ப்பாதை. சோதனை நடத்தினவருக்கு எது ஆண், எது பெண்ணுன்னு தெரியாது. கணக்குப் போட்டவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் வாயத் தொறக்கல. இவ்வளவு பாரபட்சமில்லாத ஒரு ஆய்வ உக்காந்து யோசிச்சாக்கூடத் திட்டம் போட முடியாது!"

வெடர்பர்ன் கண்ணைத் திறந்தார். முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக நிமிர்ந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு டையைச் சரி செய்தார்.

"போட்டதுதான்," என்றார்.

நோலீன் இருமினார். கெல்வின் இன்னொரு ஸ்காலப் பை எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஐந்து வருடத்துக்கும் நிதி உண்டு, மூன்று நிபந்தனைகளோடு. ஆண்–பெண் ஒப்பீட்டுக்கு டெஸ்பினா தலைமை ஏற்க வேண்டும். கட்டுரையில் நோலீன் டிப்பெட்டின் பெயர் இடம்பெற வேண்டும். குட்டிகளைப் பிரிக்கும் பொறுப்பு இனி நோலீனுடையது. தூக்க ஆய்வுக்காரர்கள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நடைபாதையை அளக்கப் போனார்கள். 'கருத்தில் கொள்ளுதல்: ஒரு முன்னோடியின் இருபத்தொரு ஆண்டுகள்' என்ற தலைப்பில் வெடர்பர்ன் மூன்று ஊர்களில் பேச அழைக்கப்பட்டார். பேச்சின் நடுவில் கேப்டனின் படத்தைக் காட்டும்போது 'அவன்' என்று தொடங்கி, இருமி, 'அவர்' என்று முடிப்பார். கடைசியில், கருத்தில் கொள்வது என்பது முதலில் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லித் தங்கச் சட்டமிட்ட கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவை எழுந்து நின்று கைதட்டும்.

பதினாறு பெட்டி அட்டைகளையும் டெஸ்பினா அந்தக் குளிர்காலத்தில் எண்ணி முடித்தார். பேராசிரியர் 'ஆண்' என்று தீர்ப்பளித்த சுண்டெலிகள் மொத்தம் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் ஆண்கள் இரண்டாயிரத்துத் தொண்ணூற்று ஐந்து. ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பிரித்திருந்தால், கணக்குப்படி, இன்னும் பதினொன்று சரியாக இருந்திருக்கும்.